மூடிய சுரங்கத்தின் செலவு யார் தலையில்?

#1 சாம்பல்மேடு

நிலக்கரி மின்சாரம் மலிவா, இல்லையா என்ற சண்டையை வேறு இழைகளில் போதும் போதும் என்கிற அளவுக்குப் போட்டாயிற்று. இங்கே அதைவிடக் குறுகலான ஒரு கேள்வி. கரி தீர்ந்த பிறகு, அல்லது கம்பெனி மூட்டை கட்டிய பிறகு வரும் செலவை யார் கட்டுகிறார்கள்?

ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பற்றிப் படித்ததிலிருந்து இது மண்டையைக் குடைகிறது. அங்கே கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அடியிலிருந்து கரியை உருவி எடுத்ததில் மேலே இருந்த நிலம் உட்கார்ந்துவிட்டது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். வீடு, சாலை, ரயில் பாதை, ஓடை எல்லாம் சேர்ந்தே இறங்கின. மழை பெய்தால் தண்ணீர் தானாக ஓடி ஆற்றில் சேராது, பம்பு வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். நிறுத்தினால் குடியிருப்புகள் ஏரியாகிவிடும். சுரங்கத்துக்குள் ஊறும் உப்பு நீர் குடிநீர் ஊற்றைத் தொடாதபடி அதையும் தனியாக இறைத்தாக வேண்டும். பேரன், கொள்ளுப்பேரன் காலத்திலும் இந்தப் பம்புகள் ஓட வேண்டும்.

இதற்காகவே 2007-ல் ஓர் அறக்கட்டளையை அமைத்து, ஒரு பெரிய ரசாயன நிறுவனத்தின் பங்குகளை அதன் கையில் கொடுத்தார்கள். பங்கு வருமானத்தில் பம்பு ஓடுகிறது. ஒழுங்காகச் செய்த இடம் எது என்று கேட்டால் எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். பணக்கார நாடு, பலமான தொழிற்சங்கம், விற்கத்தக்க சொத்து மூன்றும் ஒன்றாக அமைந்த இடம் அது. மூன்றும் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

எந்தத் தொழிலில்தான் பின்செலவு இல்லை? அணு உலையைப் பிரிக்கச் செலவு. அணையில் வண்டல் சேர்ந்தால் செலவு. நாளைக்குச் சூரிய மின் தகடுகள் மலையாகக் குவியும், அதற்கும் செலவு. நிலக்கரியை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. இன்றும் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. விறகும் வறட்டியும் எரித்து வீட்டுக்குள் புகையைச் சுவாசிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த அடுப்படியிலிருந்து ஒரு பெண்ணை விடுவித்ததும், மருத்துவமனையில் விளக்கு எரிய வைத்ததும் பல இடங்களில் நிலக்கரி மின்சாரமும்தான். அந்த வரவையும் எழுதிவிட்டுப் பிறகு செலவை எழுதுங்கள்.

#3 சாம்பல்மேடு

வரவை மறுக்கவில்லை. ஆனால் வரவு ஒருவருக்கும் செலவு வேறொருவருக்கும் போனால் அது ஒரே கணக்கா? 2007-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஐரோப்பிய நிலைமையிலேயே ஒவ்வொரு 100 கோடி யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கும் சுமார் 24 மரணம் என்று கணித்தது. பழுப்பு நிலக்கரிக்கு இன்னும் அதிகம். பெரும்பகுதி சுரங்க விபத்து அல்ல, காற்று மாசு. இறந்தவர்களின் பெயர் எந்த மின்கட்டண ரசீதிலும் வராது. ஆனாலும் இந்த இழையில் நான் கேட்பது அதைக்கூட அல்ல. மூடிய பிறகு என்ன என்பதுதான்.

#4 ஆழ்குழி

சுரங்கக் காற்றோட்டப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்தக் கேள்விக்கு ஆபர்ஃபானைச் சொல்லாமல் பதில் இல்லை.

வேல்ஸில் உள்ள சிறிய சுரங்க ஊர். சுரங்கத்திலிருந்து வரும் கல், மண், கழிவையெல்லாம் ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டிக்கொண்டே வந்தார்கள். ஏழாம் எண் மேடு ஊற்றுகளின் மேலேயே கொட்டப்பட்டது. அந்த ஊற்றுகள் ரகசியமல்ல, வரைபடத்திலேயே இருந்தன. பள்ளிக்கு மேலே இப்படிக் கழிவு சேர்வது ஆபத்து என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே எழுதியும் கொடுத்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலை, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து சிறிது நேரத்தில், மழையில் ஊறிய மேடு கூழாகி இறங்கியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். விசாரணைத் தீர்ப்பாயம் பழியை முழுக்க அரசின் நிலக்கரி வாரியத்தின் மேல் வைத்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒருவரும் வேலை இழக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மலையில் மிச்சமிருந்த மேடுகளை அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடினார்கள். செலவு முழுவதையும் ஏற்க வாரியம் மறுத்தது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தைகளை இழந்த குடும்பங்களுக்காக உலகம் முழுவதிலிருந்தும் வந்த நன்கொடை நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை எடுத்து அந்த மேட்டை அகற்றினார்கள். அந்தப் பணம் திரும்பி வந்தது 1997-ல். வட்டி கிடையாது.

சாம்பல்மேடு கேட்டாரே, யார் கட்டுகிறார்கள் என்று. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கட்டினார்கள்.

#5 தும்பைப்பூ

நான் இதுவரை படிக்க மட்டுமே வந்துகொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகு ஒரு சந்தேகம்: நன்கொடைப் பணத்தை எடுக்கச் சட்டம் எப்படி அனுமதித்தது?

#6 ஆழ்குழி

நிதியின் அறங்காவலர்கள் சம்மதிக்க வேண்டியிருந்தது, சம்மதிக்கும்படி நெருக்கினார்கள். மேடு தலைக்கு மேலே நிற்கும்போது பேரம் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்?

#7 கணக்குப்பிள்ளை

கொடுமைதான். ஆனால் அது அறுபது ஆண்டுக்கு முந்தைய கதை. இப்போது சட்டங்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 1977 சட்டப்படி, தோண்டிய நிலத்தைச் சீர்செய்வதற்கான காப்புத்தொகையை முதலில் வைத்துவிட்டுத்தான் திறந்தவெளிச் சுரங்கத்தில் கை வைக்க முடியும். இந்தியாவிலும் 2009-லிருந்து சுரங்க மூடல் திட்டம் கட்டாயம், அதற்கான தொகையை, கம்பெனி இஷ்டத்துக்கு எடுக்க முடியாத எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் ஆண்டுதோறும் போட வேண்டும். பழைய பாவங்களைக் காட்டி இன்றைய தொழிலை அடிப்பது நியாயமல்ல.

#8 சாம்பல்மேடு

அந்த 1977 சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருந்தது. நிதிநிலை நன்றாக இருக்கும் கம்பெனி ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ வைக்க வேண்டாம், "நானே எனக்குப் பிணை" என்று எழுதிக் கொடுத்தால் போதும். நாட்டின் மிகப்பெரிய நிலக்கரி நிறுவனங்களே இந்தக் கதவு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. 2015 ஆகஸ்டுக்கும் 2016 ஏப்ரலுக்கும் இடையில் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி என்று மூன்று பெரிய நிறுவனங்கள் வரிசையாகத் திவால் மனு போட்டன. வயோமிங் போன்ற மாநிலங்கள் கையில் இருந்தது, திவாலான கம்பெனி தனக்குத் தானே எழுதிக்கொண்ட உறுதிமொழி. பழைய பாவமல்ல இது, சுமார் பத்தாண்டுக்கு முன்புதான் நடந்தது.

வேல்ஸில் கைவிடப்பட்ட கழிவுமேடுகளை 2020-க்குப் பிறகுதான் உட்கார்ந்து எண்ணினார்கள். எண்ண வைத்தது எது? அந்த ஆண்டு பிப்ரவரியில் புயல் மழையில் டைலர்ஸ்டவுனில் ஒரு மேடு சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. எண்ணிப் பார்த்தால் 2,500-க்கும் மேல். அவற்றைக் கொட்டிய சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மழை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகிறது. மழை கனப்பதற்கும் கரியைக் கொளுத்தியதே ஒரு காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#9 மார்புப்படம்

மேட்டையும் தண்ணீரையும் பேசுகிறீர்கள். சுரங்கம் மூடிய பிறகும் மூடாத இன்னொன்று நுரையீரல். மார்பு நோய்ப் பிரிவில் எக்ஸ்ரே படித்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

நிலக்கரித் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முதலில் படத்தின் மேல் பாதியில் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள். அந்த நிலையில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கட்டியாகிவிட்டால் முற்றிய நிலை. பிறகு தூசியே இல்லாத இடத்தில் உட்கார வைத்தாலும் தழும்பு தானாகப் பெருகும். வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்து வருவார்கள். அறைக்குள் நடந்து வரும்போது கேள்வி கேட்டால் பதில் வராது. நிற்பார், மூச்சை வாங்குவார், அப்புறம் பேசுவார். நடப்பது, பேசுவது இரண்டில் ஒன்றுக்குத்தான் காற்று போதும். மருந்து கிடையாது. ஆக்சிஜன் உருளை, மிகச் சிலருக்கு நுரையீரல் மாற்று, அவ்வளவுதான்.

இது ஒழிந்துபோன நோய் என்று நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1969 சட்டம் தூசிக்கு வரம்பு வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்ததும், அடுத்த பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்ததும் இல்லையென்றால் அந்தச் சட்டமே வந்திருக்காது. முப்பது ஆண்டுகள் நோய் குறைந்துகொண்டே போனது. 1990-களின் இறுதியிலிருந்து திரும்ப ஏறுகிறது. 2018-ல் வந்த ஆய்வின்படி மத்திய அப்பலாச்சியா மலைப்பகுதியில் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய். வர்ஜீனியாவில் மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும் 2013-க்கும் 2017-க்கும் இடையே முற்றிய நிலையில் 416 பேர்.

ஏன் திரும்ப வந்தது? தடித்த கரிப்படிவங்களை முன்னோர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் மெல்லிய படிவம். இயந்திரம் உள்ளே நுழைய வேண்டுமென்றால் மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்து அறுக்க வேண்டும். பாறையில் சிலிக்கா. கரித்தூசியைவிட அது பல மடங்கு கொடியது.

#10 ஆழ்குழி

மார்புப்படம் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தூசியை அளக்கும் பம்பு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. ஷிஃப்ட் முழுவதும் அது தொழிலாளியின் மூச்சருகே இருக்க வேண்டும். புதுக் காற்று வரும் பாதையில் ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் அழகான அளவு வரும். அப்படித் தொங்கவிடச் சொன்ன மேலாளர்கள் மீது வழக்கே நடந்திருக்கிறது. காகிதத்தில் உள்ள அளவை மட்டும் நம்பினால் அந்த 416 பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்பதை யோசியுங்கள்.

#11 கணக்குப்பிள்ளை

மார்புப்படம் அவர்களுக்கு ஒரு கேள்வி. இந்த நோயாளிகளுக்கு உதவித்தொகை கிடையாதா?

#12 மார்புப்படம்

கம்பெனி கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கம்பெனி இல்லாமல் போனால் அரசு நிதி கொடுக்கும். ஒவ்வொரு டன்னுக்கும் விதித்த வரியில் அந்த நிதி ஓடுகிறது. வந்த வரி பெரும்பாலும் போதவில்லை. 2018 நிலவரப்படி அந்த நிதி 400 கோடி டாலருக்கு மேல் அரசு கருவூலத்துக்குக் கடன்பட்டிருந்தது. திவால் நீதிமன்றத்தில் கம்பெனி கழற்றிவிடும் முதல் சுமைகளில் ஒன்று இந்த நோயாளிகள்.

#13 பாய்லர்மேடை

அனல் மின் நிலையத்தில் சாம்பல் கையாளும் பிரிவில் இருக்கிறேன். சுரங்கக்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, எங்கள் பக்கமும் மூடாத கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு 500 மெகாவாட் யூனிட் முழுச் சுமையில் ஓடும்போது, தரம் குறைந்த கரி என்றால் மணிக்கு ஏறத்தாழ 300 டன் எரிக்கும். இந்தியக் கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். ஆக மணிக்கு 100 டன் சாம்பல், இரவும் பகலும். கனமானது பாய்லருக்கு அடியில் விழும். முகப் பவுடர்போல நுண்ணியது புகையோடு பறக்கும், அதை இ.எஸ்.பி. என்கிற மின்புலத் தகடுகள் பிடித்து உதிர்க்கும். சிமெண்ட் ஆலைக்காரர் வாங்கியது போக மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புவோம். ஆர்செனிக், செலினியம், ஈயம் எல்லாம் கரியில் சிறிதளவு இருப்பவை. கரி எரிந்து போனதும் சாம்பலில் செறிந்து நிற்கும். குட்டைக்கு அடியில் தடுப்புப் படலம் போடாத பழைய குட்டைகளில் இருந்து இவை கிணற்றுக்கு இறங்கும். வெயில் காலத்தில் மேல்பரப்பு காய்ந்ததும் காற்று கிளப்பும். நிலையத்தை மூடினாலும் குட்டை அங்கேயேதான் இருக்கும்.

கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள கிங்ஸ்டன் அனல் மின் நிலையம். 2008 டிசம்பர் 22 நள்ளிரவு தாண்டி கரை உடைந்து 40 லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான சாம்பல் குழம்பு வெளியேறியது. அன்றிரவு யாரும் சாகவில்லை. ஆட்களைத் தின்றது அதற்குப் பிறகான துப்புரவு வேலை. முகமூடி கேட்ட தொழிலாளர்களுக்கு அது தேவையில்லை என்று சொல்லப்பட்டது என்பது வழக்கில் வந்த சாட்சியம். பல ஆண்டுகளில் பலர் நோய்ப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். ஒப்பந்த நிறுவனம் பாதுகாப்புக் கடமையில் தவறியது என்று 2018-ல் ஜூரி சொன்னது. சமரசம் 2023-ல்தான் வந்தது.

கந்தகப் புகை விஷயத்தில் என்னைக் கேட்காதீர்கள், வயிற்றெரிச்சல். 2015 டிசம்பரில் இந்தியா விதி போட்டு 2017-க்குள் எஃப்.ஜி.டி. என்கிற, புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் அமைப்பை வைக்கச் சொன்னது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

#14 வெயில்வழி

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் பேச்சு? எல்லாவற்றையும் அடுத்த ஆண்டே இழுத்து மூட வேண்டியதுதானே. கணக்குப்பிள்ளை போன்றவர்கள் கம்பெனிகளிடம் எவ்வளவு வாங்குகிறார்களோ.

#15 மட்டுறுத்துநர்

வெயில்வழி, கடைசி வரியைப் போன்ற குற்றச்சாட்டுகள் இங்கே வேண்டாம். கருத்துக்குப் பதில் எழுதுங்கள். அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.

#16 பாய்லர்மேடை

வெயில்வழி, இழுத்து மூடுவதைப் பற்றி ஒரு சுரங்க ஊரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பிரிட்டன் 1984-85 வேலைநிறுத்தத்தை முறித்துவிட்டு மூடியது. அந்த ஊர்கள் சில இன்றும் எழவில்லை. ஸ்பெயின் 2018-ல் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, மூத்த தொழிலாளர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு, மற்றவர்களுக்கு மறுபயிற்சி, சுரங்க நிலத்தைச் சீர்செய்யும் வேலையிலேயே இடம் என்று ஒப்பந்தம் போட்டு மூடியது. இரண்டும் மூடல்தான். நான் இரண்டாவது வகைக்குக் கையெழுத்துப் போடுவேன், முதல் வகைக்கு மாட்டேன்.

#17 மலைச்சாரல்

உரிமமும் காப்புத்தொகையும் உள்ள பெரிய சுரங்கங்களையே பேசுகிறீர்கள். காகிதமே இல்லாத சுரங்கம் என்று ஒன்று உண்டு. மேகாலயாவில் ஆள் தவழ்ந்து போகும் எலிவளைச் சுரங்கங்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடை போட்டது. 2018 டிசம்பரில் கிழக்கு ஜெயின்டியா மலையில் க்சான் என்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் புகுந்து 15 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தடைக்குப் பிறகு நான்கு ஆண்டு கழித்து.

அங்கே கைவிட்ட குழி ஒவ்வொன்றும் அமிலத் தொட்டி. கரியோடு இருக்கும் இரும்புக் கந்தகத்தின்மேல் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். ஓடைக்கல்லெல்லாம் துருநிறம், மீன் கிடையாது. அந்த அமில நீர் கீழே அஸ்ஸாம் எல்லையில் உள்ள கோபிலி நீர்மின் நிலையம் வரை போய் அதன் டர்பைன் பாகங்களையும் குழாய்களையும் அரித்துவிட்டது. கரி ஒரு நீர்மின் நிலையத்தைத் தின்ற கதை. அதன் பழுது பார்க்கும் செலவு எந்த நிலக்கரி டன்னின் விலையில் சேர்ந்தது?

#18 கணக்குப்பிள்ளை

கோபிலி எனக்குப் புதிது, நன்றி. வெயில்வழிக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

என் நிலைப்பாடு இதுதான்: நாளைக்கே மூட முடியாது, ஆனால் வெட்டும்போதே டன்னுக்கு இவ்வளவு என்று ரொக்கமாக வாங்கி வைக்கலாம். கம்பெனி கையெழுத்தெல்லாம் செல்லாது. விலை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். என் பயம் வேறு. அந்தப் பணத்தை அரசு வேறு செலவுக்குத் திருப்பிவிடும். ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வயலில் 1916-லிருந்து நிலத்தடியில் தீ எரிகிறது. மக்களை இடம் மாற்ற 2009-ல் பெரிய திட்டம் போட்டார்கள். இன்னும் ஆட்கள் அந்தப் புகைக்கு மேலேதான் குடியிருக்கிறார்கள். அங்கே சுரங்கம் அரசு நிறுவனத்தின் கையில்தானே இருக்கிறது?

#19 சாம்பல்மேடு

அதனால்தான் ரூர் அமைப்பில் எனக்கு ஆர்வம். பணம் கம்பெனியிடமும் இல்லை, ஆண்டு பட்ஜெட்டிலும் இல்லை. தனி அறக்கட்டளையில் இருக்கிறது. டன்னுக்கு எவ்வளவு என்று எப்படித் தீர்மானிப்பது என்பதை ஆழ்குழி சொன்னால் நல்லது.

#20 ஆழ்குழி

அங்கேதான் சிக்கல். காப்புத்தொகைக் கணக்கில் என்ன வரும் என்றால், குழியை மூட இவ்வளவு லாரி மண், சரிவைச் சமன்படுத்த இவ்வளவு மணி புல்டோசர், மேல்மண் பரப்ப, செடி நட, சில ஆண்டு கண்காணிக்க. எல்லாம் தொடக்கமும் முடிவும் உள்ள வேலை. முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அமில நீர் அப்படியல்ல. சுண்ணாம்பு கலந்து, கசடைப் பிரித்து, அந்தக் கசடைக் கொட்ட இடம் தேடி, அடுத்த நாள் மறுபடி. இதற்கு முடிவுத் தேதி போட எந்தப் பொறியாளராலும் முடியாது.

பென்சில்வேனியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீர் கெட்டுவிட்ட சுரங்கங்களின் உரிமையாளர்களிடம் மொத்தமாக ஒரு மூலத்தொகையை வாங்கி அறக்கட்டளையில் போடுகிறார்கள். அதன் வருமானத்தில் சுத்திகரிப்பு ஓட வேண்டும், மூலத்தொகையைத் தொடக்கூடாது. இந்த முறையில் கணக்குப் போட்டால் பல சுரங்கங்களைத் திறக்கவே முடியாது. கரியின் விலையை அது விழுங்கிவிடும். உரிமம் கேட்டு வருபவரிடம் முதல் நாளே இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். கந்தக அளவு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, பாறை மாதிரிகளில் அமிலம் தரும் கந்தகம் எவ்வளவு, அதை முறிக்கும் சுண்ணாம்பு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நுரையீரலை இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று மார்புப்படம் எழுதட்டும்.

#21 மார்புப்படம்

சேர்க்கலாம். வேலையை விட்டவர்களுக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே, ஒரு மூச்சுத்திறன் சோதனை. இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட முடியும், ஆட்களின் எண்ணிக்கை தெரிந்ததுதான். பெரும்பாலான இடங்களில் வேலை அட்டையை ஒப்படைக்கும் நாளோடு மருத்துவப் பரிசோதனையும் நின்றுவிடுகிறது. நோய் வெளியே வருவது அதற்குப் பிறகுதான்.